ஓட்டைச் சால்வை

எங்கள் வீட்டில் மூன்று வருடங்களாக அக்காவைக் குசினிக்குள் விடுவதில்லை. தேநீர் வேண்டுமென்றால் அவள் குசினி வாசலில் நின்று கேட்க வேண்டும். அம்மா ஊற்றி, ஆற்றி, கையில் கொண்டுவந்து கொடுப்பார். நெருப்புப்பெட்டியைக்கூட அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார். எனக்கு அப்போது பத்து வயது. அக்காவுக்குப் பத்தொன்பது.

அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பதற்காக அக்கா திருகோணமலை ரவுனில் மாமா வீட்டில் தங்கியிருந்தாள். மாமா அம்மாவின் தமையன். ரவுனில் இரும்புக்கடை வைத்திருந்தார். நாங்கள் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில், மணல் வளவுக்குள் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். ஒரு பின்னேரம் அக்காவும் மாமாவின் மகளான மச்சாளும் மண்ணெண்ணெய்க் குக்கரில் தேநீர் வைத்திருக்கிறார்கள். குக்கர் அணையும் தறுவாயில் இருந்திருக்கிறது. எரிந்துகொண்டிருந்த அந்தக் குக்கருக்கே எண்ணெய் விட்டதில் நெருப்பு எழும்பிவிட்டது. அக்காவின் இடது கை தோளிலிருந்து விரல்கள் வரைக்கும், கழுத்தின் ஒரு பக்கமும் எரிந்து போயின. மச்சாளுக்கு ஒரு மயிர்கூடக் கருகவில்லை. எண்ணெய் விட்டது அக்காதான். அப்படித்தான் அவளே டொக்டரிடம் தன் வாயால் சொன்னாள்.

"எரியிற குக்கருக்கு ஆரும் எண்ணெய் விடுவினமோ?"

அம்மா இதை ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டு கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகு அழாமல் கேட்டார். மற்ற அம்மாக்கள் தலை சீவினாயோ என்று கேட்பதுபோல, மூன்று வருடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் நான்கு மாதம் இருந்தாள். எரிந்த தோல் ஆறும்போது இறுகுமாம், விரல்கள் விறைத்துவிடுமாம். அதற்காகப் பயிற்சி கொடுத்த தாதி மிஸ்ஸி அக்காவின் கையில் இரண்டு நீளமான பின்னல் ஊசிகளையும் ஓர் உருண்டை வுல் நூலையும் கொடுத்திருக்கிறார். அக்கா பின்னினாள், அவிழ்த்தாள், திரும்பவும் பின்னினாள். விரல்கள் முக்கால்வாசி திரும்பி வந்தன. மோதிர விரல் மட்டும் மடியாமல் நின்றுவிட்டது. வீட்டுக்கு வரும்போது அந்த ஊசிகளையும், சின்னச் சின்னக் கட்டங்கள் போட்ட ஒரு போட்டோகொப்பித் தாளையும் கொண்டு வந்தாள். அது லேஸ் பின்னுவதற்கான படம் என்றாள். எனக்கு அது கணக்குக் கொப்பியில் யாரோ கிறுக்கியது போலத்தான் இருந்தது.

நூலுக்கு வழி அப்பா கண்டுபிடித்தார். அவர் துறைமுக வீதியில் ஒரு பேக்கரியில் வேலை செய்தார். கோதுமை மா மூடைகளின் வாயைத் தடித்த வெள்ளை நூலால் மெசினில் தைத்திருப்பார்கள். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் ஒரே இழுவையில் சர்ரென்று கழன்று வரும். பிழையான நுனியைப் பிடித்தால் இறுகிவிடும், பிறகு கத்திதான். அப்பா பிழையான நுனியை ஒருநாளும் பிடித்ததில்லை. பின்னேரங்களில் அவருடைய சேர்ட் பொக்கற்றுக்குள் இருந்து மா தூசியோடு நூல் வரும். அக்கா இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கி, முடிச்சுத் தெரியாமல் பொருத்தி உருண்டையாக்குவாள். ரேடியோவுக்கு ஒரு விரிப்பு, தண்ணீர்க் குடத்துக்கு ஒரு மூடி, எனக்கு ஒரு பென்சில் பை. வருகிறவர்கள் எல்லாம், பாவம், அந்தப் பிள்ளைக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணும்தானே என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மச்சாளுக்குக் கலியாணம் முற்றாகி, மாமி எங்கள் வீட்டுக்குச் சொல்ல வந்த அன்று அக்கா அந்தக் குட மூடியின் கரையைத்தான் பின்னிக்கொண்டிருந்தாள். மாமி கதிரை நுனியில் இருந்து, சோடாவில் பாதியைக் குடித்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, மாமி சொல்லுறனெண்டு ஒண்டும் நினையாதை. மாப்பிள்ளை பகுதி கொழும்பு ஆக்கள். வீடியோ எல்லாம் எடுப்பினம். சபையில நாலு பேர் பாத்தால் நாலு கதை கதைப்பினம். நல்ல காரியத்தில அந்தக் கதையெல்லாம் ஏன், என்ன? வடிவா ஒரு சால்வையைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு வா. உடம்பு நிறத்துக்குக் கிட்டின நிறமாப் பாத்து நான் ஒண்டு வாங்கித் தாறன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா ஊசியை நிறுத்தவில்லை.

"வாங்க வேண்டாம் மாமி. நானே பின்னிப் போடுறன்."

"பாத்தியளே, கெட்டிக்காரி!" என்றார் மாமி. அவருக்கு வந்த சந்தோசத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. மாப்பிள்ளையை வரவேற்கும்போது பூத்தட்டோடு நிற்க என்னைத் தெரிந்தெடுத்தார். ரோஸ் நிறத்தில் பாவாடை சட்டை தைத்துத் தருவதாகவும் சொன்னார். அந்த நிமிடத்திலிருந்து மாமியைவிட நல்ல மனிதர் இந்த மாவட்டத்திலேயே இல்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அப்பா மூதூருக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போனபோது, பன் புல்லில் பாய் இழைக்கிறவர்கள் பாவிக்கிற சாயப்பொடி வாங்கிவரும்படி அக்கா சொல்லி அனுப்பினாள். சிவப்பு. அப்பா ஏன் என்று கேட்கவில்லை. கேள்வி கேட்காத மனிதர்களுக்கு யோசனையும் கிடையாது என்று அப்போது நான் நினைத்திருந்தேன். ஒரு வாரச் செய்தித்தாளில் சுற்றிய பொடியோடு வந்து, "முதல்ல தேயிலைச் சாயத்தில ஊறவிட வேணுமாம், அப்பத்தான் பிடிக்குமாம்" என்று அந்தப் பாய்க்கார மனுசி சொன்னதையும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை அம்மா அம்மன் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அக்கா கதிரையில் ஏறி அலுமாரியின் மேலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்தாள். வளவுக்குள் மூன்று கல் வைத்து, தேங்காய்ப் பொச்சுமட்டை அடுக்கினாள்.

"அக்கா, அம்மா ஏசுவா."

"ஏசினால் நான் கேக்கிறன். நீ அங்கால போ."

முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது குச்சி அவள் விரலிலிருந்து விழுந்தது. மூன்றாவதில் பற்றியது. கச்சான் என்கிற மேல்காற்று வீசுகிற மாதம். தீ அவள் நின்ற பக்கமாகச் சரிந்தபோது அக்கா இரண்டு அடி பின்னால் போனாள்.  பிறகு மூன்று அடி முன்னால் வந்து பானையை ஏற்றினாள்.  அம்மா வந்துவிடுவார் என்ற பயத்தில்தான் பின்னால் போனாள் என்று நினைத்து, நான் வேலிப் படலையைக் காவல் காத்தேன்.

அம்மா வந்துவிட்டார். அர்ச்சனைத் தட்டம் எங்கே விழுந்தது என்று தெரியாது. வாழைப்பழம் மணலில் உருண்டது. கிணற்றடியில் இருந்த வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அக்கா அடுப்புக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஊத்தாதேங்கோ அம்மா. சாயம் கெட்டுப்போம்."

"உனக்கென்ன விசரே? பட்டது போதாதே?"

"விசர் எண்டே வையுங்கோ. தள்ளி நில்லுங்கோ."

அக்கா அம்மாவோடு அந்தக் குரலில் கதைத்து நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை போலும். தள்ளி நின்றார். பானை இறங்கும்வரைக்கும் வாளியைக் கீழே வைக்காமலே நின்றார்.

அக்கா நூலை நீளக் கண்ணிகளாகச் சுற்றி ஒரு தடியில் கொழுவி, கீழ்ப் பாதியை மட்டும் கனநேரம் சாயத்துக்குள் விட்டாள். மேல் பாதியைக் கடைசியில் ஒரு தரம் நனைத்து எடுத்தாள். அதனால் ஒரே நூல் ஓரிடத்தில் கடும் சிவப்பாகவும், போகப் போக வெளிறி, இன்னோரிடத்தில் செவ்விளநீர்த் தோல் போலவும் இருந்தது. கொடியில் தொங்கவிட்டபோது வெள்ளை மணலில் சிவப்புச் சொட்டுக்கள் விழுந்தன. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப்பார்த்து, ஆடு அடிச்சனீங்களோ என்று கேட்டார்.

பிறகு பின்னல் தொடங்கியது. சில இடங்களில் நூலை ஊசியில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த கண்ணுக்குப் போவாள். அந்தச் சுற்று மேல்வரியில் ஓர் ஓட்டையாகிவிடும். பக்கத்தில் இரண்டு கண்களைச் சேர்த்து ஒன்றாக்குவாள். ஓட்டைகள் சேர்ந்து இலைகளாக வந்தன. மடியாத மோதிர விரலுக்கு மேலால் நூலை விட்டு அவள் பின்னுவதைப் பார்த்தால் அந்த விரல் வேறு யாருக்கோ வழிகாட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். ஒருநாள் பதினொரு வரிக்குக் கீழே ஒரு பிழையைக் கண்டாள். எனக்கு எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை. பதினொரு வரியையும் அவிழ்த்தாள்.

"கொஞ்சம் நெருக்கிப் பின்னன், பிள்ளை" என்றார் அம்மா. "இதுக்குள்ளால எல்லாம் தெரியப்போகுது."

"இது இப்பிடித்தான் அம்மா பின்னுறது."

பின்னி முடிந்தபோது அது கசங்கிப்போன வலைத்துண்டு மாதிரிச் சின்னதாக இருந்தது. எனக்குப் பெரிய ஆறுதல். சுருங்கியிருந்ததால் ஓட்டைகள் மூடியிருந்தன. ஆனால் அக்கா அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பாயில் விரித்து, நாலு பக்கமும் இழுத்து இழுத்துக் குண்டூசி குத்தினாள். அது வளர்ந்தது. பாய் முழுவதற்கும் வளர்ந்தது. வெயிலில் காயக் காய ஒவ்வோர் ஓட்டையும் கண் விழிப்பது போலத் திறந்தது. என் சின்ன விரல் நூலில் படாமல் உள்ளே போய் வந்தது. பாயின் இழைகூடத் தெளிவாகத் தெரிந்தது. பாய் தெரிந்தால் கையும் தெரியும் என்பது எனக்கு விளங்கிவிட்டது. இவ்வளவு கெட்டிக்காரியான அக்காவுக்கு இது எப்படி விளங்காமல் போனது என்பதுதான் விளங்கவில்லை.

மாமி சொன்னபடி கை மூடப்படாவிட்டால் என் ரோஸ் பாவாடைக்கு என்ன கதி வரும் என்று யோசித்தேன். கலியாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் அக்கா படுத்திருந்தபோது, அம்மாவின் பழைய வெள்ளை உள்பாவாடை ஒன்றை வெட்டி, சால்வையின் பின்பக்கம் வைத்து நீளம் நீளமாகத் தைத்தேன். பள்ளிக்கூடத்தில் தையலுக்கு எனக்குத்தான் கூடிய புள்ளி. மடித்து வைத்துவிட்டு, பாராட்டு எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

காலையில் வாடகை வான் வந்து நின்றுவிட்டது. அக்கா பச்சைச் சேலை உடுத்து, சால்வையை எடுத்து உதறினாள். உதறிய கை அப்படியே நின்றது.

"ஆர் இது செய்தது?"

அம்மா என்னைப் பார்த்தார். ஏசுகிற முகம் அல்ல அது. "நல்லாத்தானே இருக்கு, பிள்ளை. அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

அக்கா கதிரையில் இருந்து, கத்தரிக்கோல் நுனியால் என்னுடைய தையல்களை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினாள். வான்காரன் ஹோண் அடித்தான். அவள் அவசரப்படவில்லை. சிவப்பு நூல் ஒன்றுகூட அறுபடக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தாள்.

"உனக்கு வெக்கமா இருக்கோ?" என்று நிமிராமல் கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "ஓம்" என்றேன்.

"சரி. அப்ப நீ எனக்குப் பக்கத்தில இருக்க வேண்டாம்."

ஹோண் மூன்றாம் தரமும் அடித்தது. அப்பா வெளியே போய், "நிப்பாட்டு தம்பி ஹோணை. பிள்ளை வெளிக்கிடுது" என்றார். அவர் குரலை உயர்த்திக் கதைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கலியாண மண்டபம் ரவுனில், துறைமுகம் தெரிகிற பக்கத்தில் இருந்தது. மேல்மாடி யன்னலால் கோதுமைக் கப்பல் ஒன்று நிற்பது தெரிந்தது. நான் பூத்தட்டோடு மணவறைக்குக் கீழே நின்றேன். அம்மாவும் அப்பாவும் ஓரத்துக் கதிரைகளுக்குப் போனார்கள். அக்கா நடுவால் வந்தாள். சனமெல்லாம் இருந்த பிறகு, அவ்வளவு நீளத்தையும் தனியாக, மெதுவாக நடந்து வந்தாள். சிவப்புச் சால்வை இடது தோளிலிருந்து தொங்கியது. மின்விசிறிக் காற்றில் அது அசைந்தபோது ஒவ்வோர் இலைக்குள்ளாலும் எரிந்த தோல் தெரிந்தது. ஒன்றும் போடாமல் வந்திருந்தால்கூட இவ்வளவு பேர் திரும்பியிருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை பகுதியில் இருந்து வந்த, என் வயதுப் பிள்ளை ஒன்று தன் தட்டால் என்னை இடித்தது.

"அங்க பாரும். அது ஆர்?"

"தெரியாது" என்றேன்.

தாலி கட்டி முடிந்த பிறகு சொந்தக்காரர்கள் படம் எடுக்க மணவறைக்கு ஏறினார்கள். எங்கள் முறை வந்தது. அக்கா ஏறியதும் மாமி ஓடிவந்து, சால்வையின் மற்றத் தலைப்பை இழுத்து அவள் கையில் இரட்டையாக மடித்துப் போட்டார். "பிள்ளைக்குக் குளிருது, என்ன?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அந்த வெக்கையில் வீடியோக்காரனின் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.

"எனக்குக் குளிரேல்லை மாமி." அக்கா மடிப்பை எடுத்துவிட்டாள்.

மாமி திரும்பவும் மடித்தார். அக்கா மாமியின் கையைப் பிடித்து, நோகாமல், ஆனால் உறுதியாக, அப்பால் வைத்தாள்.

"விடுங்கோ."

மாப்பிள்ளையின் தாய் கண்ணாடி போட்ட, பருத்த மனுசி. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கிட்ட வந்து சால்வையின் கரையை விரலால் தடவினார்.

"இது கையால பின்னினதோ? ஆர் பின்னினது?"

"நான்தான்."

"நல்ல வேலை." பிறகு, குரலைத் தாழ்த்தாமலே, "கைக்கு என்ன நடந்தது மகள்?" என்று கேட்டார்.

"எரிஞ்சது."

"எப்பிடி?"

அக்கா வாயைத் திறந்தாள். அவள் சொல்லப்போகிற, டொக்டரிடம் சொன்ன அந்த வசனம் எனக்கு மனப்பாடம். ஆனால் குரல் மணவறைக்குள்ளிருந்து வந்தது. காலையிலிருந்து மாலைப் பாரத்தோடு குனிந்திருந்த மச்சாள் தலையை நிமிர்த்தியிருந்தாள்.

"நான்தான் எரியிற குக்கருக்கு எண்ணெய் விட்டனான். எங்கட வீட்டில. நெருப்பில படாமல் இவ என்னைத் தள்ளிவிட்டவ. அதாலதான் இவவுக்குப் பட்டது."

"பிள்ளை காலமையிலிருந்து சாப்பிடேல்லை, களைச்சுப்போச்சு" என்றார் மாமி.

"களைக்கேல்லை அம்மா."

மாமா எங்கேயோ பார்த்தார். மாப்பிள்ளை தன் தாயைப் பார்த்தார். அந்த மனுசி மச்சாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டார்.

"மகள், நீர் இங்கால வந்து பொம்பிளைக்குப் பக்கத்தில நில்லும்" என்றார் அக்காவிடம். "தம்பி, படத்தை எடும். எவ்வளவு நேரம் நிக்கிறது?"

அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அக்கா கமராவை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மச்சாளின் கை சால்வையின் நுனியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அக்கா அதைப் பிடிக்கவும் இல்லை, உதறவும் இல்லை. அம்மா கமராவையே பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கலியாணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மச்சாள் கொழும்பில் நன்றாகத்தான் இருந்தாள். மாமி இரண்டு வருடம் எங்கள் படலையைத் திறக்கவில்லை. மச்சாளின் தொலைபேசி அழைப்புகளை முதலில் அக்கா எடுக்கவில்லை, பிறகு எடுத்தாள். கலியாணத்துக்கு அடுத்த நாள் காலை அக்கா குசினிக்குள் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தபோது அம்மா வாசலில் நின்று, எனக்கும் ஒரு தேத்தண்ணி தா பிள்ளை என்றார். இதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்று வானில் திரும்பும்போது, அம்மா முன் சீற்றில் யன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு வான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். எனக்கு அக்காவுக்குப் பக்கத்தில் மட்டும்தான் இடம் கிடைத்தது.

"மச்சாள் சொன்னது உண்மையோ?"

"ஓம்."

"அப்ப நீங்கள் ஏன் நீங்கள்தான் எண்டு சொன்னனீங்கள்?"

"அவளுக்கு அண்டைக்கு அழத்தான் தெரிஞ்சது. ஆராவது ஒராள் டொக்டருக்குப் பதில் சொல்லத்தானே வேணும்."

"இப்ப சந்தோசமோ?"

அக்கா கொஞ்சம் கோபமாகத்தான் பார்த்தாள். "நான் இதுக்காகப் பின்னேல்லை" என்றாள்.

பிறகு எதற்காக என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வேறு பிரச்சினை இருந்தது. உப்புவெளி தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"அக்கா, தட்டு வைச்சிருந்த ஒரு பிள்ளை, நீங்கள் ஆரெண்டு கேட்டது. நான் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

அக்கா கடற்பக்கம் பார்த்தாள். 

"சரியாத்தானே சொல்லியிருக்கிறாய்" என்றாள்.

அவளுக்குக் கோபமில்லை என்று நினைத்தேன். அவ்வளவு பயந்திருக்கத் தேவையில்லையே என்று என்னையே நொந்துகொண்டேன். பெரிய நிம்மதியோடு அவள் மடியில் தலை வைத்து, சல்லி வரும்வரை நித்திரை கொண்டேன்.